வீட்டுக் குளத்து மீனும் சென்சார் ஸ்பிரிங்க்ளரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு குளுகோரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நான்கு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு மீன்குளம் இருக்கிறது. பத்து ஆண்டுகளாக அதில் கோய் என்ற அழகு மீன் வளர்க்கிறோம். நாரைக்கும் உடும்புக்கும் பறிகொடுத்த ஒவ்வொரு மீனும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. எது அருகில் வந்தாலும் உடனே தண்ணீரைப் பீய்ச்சும் சென்சார் ஸ்பிரிங்க்ளரைப் பொருத்திய பிறகு, கோயிலிலும் மீன் கடையிலும் பார்ப்பவர்கள் அதைப் பற்றியே விசாரிக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மீன் குறைகிறது. தின்றது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கண்டுபிடிக்காமல் எதையும் வாங்காதீர்கள். ஒவ்வொரு விலங்குக்கும் மருந்து வேறு.

விடியற்காலையில் ஒரு மீன் தடயமே இல்லாமல் காணாமல் போய், மிச்சமுள்ளவை அடியில் ஒடுங்கி இரண்டு மூன்று நாள் இரை எடுக்க மேலே வரவில்லை என்றால், வந்தது பெரும்பாலும் நாரை. தப்பித்த மீன்களின் முதுகில் அலகு குத்திய காயம் இருக்கும். பகலில் காணாமல் போய், கரைச் சேற்றில் கால் தடங்களுக்கு நடுவே வால் இழுத்த கோடு தெரிந்தால் அது உடும்பு. செதிலும் தலையும் பாதி உடலும் கரையெல்லாம் சிதறிக் கிடந்து, செடிகள் புரண்டு, மீன் வாடை வீசும் எச்சம் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் நீர்நாய். நகக் கீறலோடு மீன் கரையில் அப்படியே கிடந்தால் பூனையைச் சந்தேகிக்கலாம்.

காலையில் பெரிய மீன்கள் காயம் எதுவும் இல்லாமல் செத்து மிதந்தால் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். இரவில் பாசியும் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். பெரிய மீன்தான் முதலில் திணறும். அதற்கு வேண்டியது காற்றுப் பம்பு, ஸ்பிரிங்க்ளர் அல்ல.

இந்த ஸ்பிரிங்க்ளர் எப்படி வேலை செய்கிறது?

பலரும் இதைக் கேமரா போல நினைக்கிறார்கள். இது உருவத்தைப் பார்ப்பதில்லை, சூட்டைத்தான் பார்க்கிறது. எந்த உடலில் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வெளியாகிறது. சென்சாரின் முன்னால் இருக்கும் வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, எதிரே உள்ள இடத்தை விசிறி மடிப்பு போலப் பல பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்ந்தால், உள்ளே மின்சைகை மாறும். உடனே பேட்டரியில் இயங்கும் வால்வு திறந்து, சில விநாடிகள் தண்ணீர் சீறி, மறுபடி மூடிக்கொள்ளும். டக்கென்ற சத்தம், சீறல், அசைவு, நனைவு நான்கும் சேர்ந்துதான் விலங்கைத் திடுக்கிட வைக்கின்றன.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நகராமல் நிற்பது அதற்குத் தெரியாது. இரண்டு, சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் சூட்டு வித்தியாசம் குறைந்தால் அதன் பார்வை மங்கும். குளிர்நாட்டில் படமெடுத்த விளம்பரத்தைப் பார்த்து நாம் வாங்குகிறோம். அங்கே காற்று 10 டிகிரி, நாரையின் உடல் 40 டிகிரி. இங்கே மத்தியான வெயிலில் காற்றே 32 டிகிரி, சிமெண்டுத் தரை அதைவிடச் சூடு. பெட்டியில் பத்து மீட்டர் என்று போட்டிருந்தாலும், எங்கள் வீட்டில் நண்பகலில் ஐந்து மீட்டருக்கு அப்பால் நான் நடந்தால்கூடச் சில நாள் அது எட்டிப் பார்ப்பதில்லை. விடியற்காலை 24, 25 டிகிரியில் அதே கருவி துல்லியமாகப் பிடிக்கிறது.

அக்கா, நாரையை உண்மையிலேயே விரட்டுமா?

விரட்டும். நாரைக்கு இதைவிட நல்ல காவலை நான் இன்னும் பார்க்கவில்லை.

காரணம் நேரம்தான். சாம்பல் நாரை எங்கள் பக்கம் பெரும்பாலும் விடிந்தும் விடியாத வேளையில் வருகிறது, கருவியின் பார்வை கூர்மையாக இருக்கும் அதே வேளையில். அதோடு, நாரை நேராகக் குளத்தில் இறங்குவதில்லை. கூரையிலோ புல்லிலோ இறங்கி, நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்து, ஓர் அடி வைத்து, மறுபடி நின்று, அப்படித்தான் கரைக்கு வரும். அந்த நடைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. கரையோரம் வந்து சிலைபோல நின்றுவிட்டால் சென்சாருக்கு அது இல்லாத பொருள். ஆகவே நீங்கள் பிடிக்க வேண்டியது நாரை நிற்கும் இடத்தை அல்ல, நடந்து வரும் வழியை.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பினாங்குப் பாலத்துப் பக்கம் கடல் வற்றி சேற்றுத்திட்டு தெரியும் நேரத்தில் நாரைகளும் கொக்குகளும் அங்கேதான் மேய்கின்றன. விடியற்காலையில் கடல் ஏறி, திட்டு மூழ்கியிருக்கும் நாள்களில்தான் எங்கள் கூரையில் அதிகம் பார்க்கிறேன். கடலோரத்தில் குடியிருப்பவர்கள் ஓத அட்டவணையை ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

இராக்கொக்கை மறக்க வேண்டாம். வக்கா என்றும் சொல்வார்கள். குட்டையான கழுத்து, சிவந்த கண், அந்தி சாய்ந்த பிறகு வேட்டை. பகல் மட்டும் இயங்கும்படி ஸ்பிரிங்க்ளரை வைத்துவிட்டு, "கருவி ஓடுகிறது, மீன் மட்டும் போகிறது" என்று வருந்துபவர்கள் வீட்டுக்கு வருவது இதுதான். இருபத்துநான்கு மணி நேரமும் என்ற அமைப்பில் வையுங்கள்.

உடும்பு?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஒரு நல்ல கோஹாக்கு வகைக் கோயைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

உடும்பு குளிர் இரத்தப் பிராணி. அதற்கென்று தனியாக ஒரு சூடு கிடையாது. வீட்டுப் பின்புறக் கால்வாயில் நீந்தி, ஈர உடலோடு நிழல் வழியாக ஏறி வரும்போது, அது ஊரும் தரையும் அதன் தோலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். சென்சாருக்கு அது தரையோடு தரை. வெயில் காய்ந்துவிட்டு நேராக நிழலுக்குள் நுழைந்தால் மட்டும் சில சமயம் அகப்படும். ஒன்றரை மீட்டர் நீள உடும்பு ஸ்பிரிங்க்ளரின் மூக்குக்கு நேரே நிதானமாக நடந்துபோனதை நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. அகப்பட்டாலும், மழையிலும் கால்வாயிலும் வாழ்வதற்குத் தண்ணீர் பட்டால் என்ன பயம்?

உடும்புக்கு வழியை அடைப்பதுதான் வழி. கால்வாய் வாய்க்கு இரும்புச் சல்லடை போடுங்கள். வேலியின் அடிப்பகுதியில் ஒரு முழ உயரத்துக்கு வழுவழுப்பான தகடு அடியுங்கள், நகம் பற்றக் கூடாது. வேலியை ஒட்டிய பூந்தொட்டிகளையும் மரக்கிளைகளையும் அகற்றுங்கள், அவைதான் ஏணி. வாசலில் குப்பைப் பையும் கோழி எலும்பும் கிடந்தால் அது தினமும் வரும். வந்த இடத்தில் குளத்தையும் கண்டுகொள்ளும்.

நீர்நாய் வந்துவிட்டதாம், என்ன செய்வது?

மலேசியாவில் நான்கு வகை நீர்நாய்கள் உண்டு. குடும்பமாகத் திரிந்து மீன் பிடிப்பது வழுவழுப்பான ரோமம் கொண்ட பெரிய வகை. சிங்கப்பூரில் வீட்டுக் குளங்களுக்குள் புகுந்து கோய் மீன்களைத் தின்று தீர்த்த செய்திகள் நம் ஊர்க்காரர்களையும் கலக்கியிருக்கின்றன. கலங்குவது நியாயம்தான். நாரை ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போகும். நீர்நாய்க் கூட்டம் ஒரே இரவில் குளத்தைக் காலி செய்துவிடும்.

ஸ்பிரிங்க்ளர் முதல் நாள் அவற்றைத் திடுக்கிட வைக்கலாம். மூன்றாம் நாள் அவற்றுக்கு அது பழகிவிடும், புத்தி அவ்வளவு. நம்ப வேண்டியது வேலியை. கம்பி இடைவெளியில் குழந்தையின் முஷ்டி நுழையக் கூடாது, அடிப்பக்கம் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், கதவின் கீழே சந்து இருக்கக் கூடாது. ஆற்றோரம், கால்வாயோரம் வீடு என்றால் இதற்குச் செலவு செய்துவிட்டுப் பிறகு மீன் வாங்குங்கள்.

பூனை, காகம், மீன்கொத்தி, குரங்கு?

பூனைக்கு ஒரு வாரம் போதும், திரும்பி வராது. காகம் சிறு மீனைத்தான் குறிவைக்கும், அதற்கும் ஓரளவு பலன் உண்டு. மீன்கொத்தி கிளையிலிருந்து அம்பாய்ப் பாய்ந்து எழுந்துவிடுகிறது, சென்சார் விழிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். குட்டி மீன்களுக்கு வலை வேண்டும். குரங்கு வரும் மலையோர வீடுகளில் ஸ்பிரிங்க்ளரையே பிடுங்கி விளையாடும், அங்கே வைக்காதீர்கள்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

கருவியைக் குளத்துக்குப் பின்னால் வைத்து, விலங்கு நேராகக் கருவியை நோக்கி நடந்து வருமாறு பொருத்துபவர்கள்தான் அதிகம். அது தவறு. பட்டைகளைக் குறுக்கே கடப்பதைத்தான் சென்சார் நன்றாக உணரும். நேராக எதிரே வந்தால் வெகு அருகில் வரும்வரை தெரியாது. ஆகவே விலங்கு வரும் பாதைக்குப் பக்கவாட்டில், இடமிருந்து வலமாக அது கடக்கும்படி வையுங்கள். நாரைக்கு என்றால் சென்சார் முழங்கால் உயரம், பூனைக்கு இன்னும் தாழ்வு.

எதிரே வாழை, சேம்பு போன்ற அகன்ற இலைகள் இருந்தால் வெட்டிவிடுங்கள். வெயிலில் சூடேறிய இலை காற்றில் ஆடினால், சூடான ஒன்று நகர்வதாகவே கருவி எடுத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீய்ச்சும். துணிக்கொடியும் இப்படித்தான். வெயில் நேராக வில்லையில் விழாத திசை பார்த்து வையுங்கள்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், யாரும் செய்வதில்லை. கொக்கின் பொறுமை உலகம் அறிந்தது. அது கூரையில் நின்று உங்கள் கருவி எதுவரை எட்டுகிறது என்று படித்துக்கொண்டிருக்கும். எட்டாத மூலை ஒன்று நிலையாக இருந்தால் கண்டுபிடித்துவிடும். இடம் மாற்ற நேரமில்லாதவர்கள் இரண்டு கருவிகளை எதிரெதிரே வைக்கலாம்.

குழாய்த் தண்ணீர் குளத்தில் விழுந்தால் குளோரின் மீனைக் கொல்லாதா?

தெறித்து விழும் சில சொட்டுகள் பெரிய குளத்தில் ஒன்றும் செய்யாது. ஆனால் குளோரினைப் பற்றிக் கவலைப்படுவது சரி. ஆபத்து தெளிப்பில் இல்லை, இணைப்பில் இருக்கிறது.

இந்தக் கருவிக்குக் குழாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஹோஸில் இரவும் பகலும் அழுத்தம் நிற்கும். ஒரு வியாழக்கிழமை இரவு எங்கள் வீட்டில் மலிவான பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று கழன்றுகொண்டது. இணைப்பு குளத்தின் ஓரத்திலேயே இருந்ததால், விடிய விடியக் குழாய்த் தண்ணீர் நேராகக் குளத்துக்குள் ஓடியிருக்கிறது. குளோரின் முதலில் செவுளைத்தான் பொசுக்கும். காலையில் ஏழு மீன் போய்விட்டன. அதில் ஒன்று என் மகள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தன் சேமிப்பில் வாங்கிய ஷோவா வகைக் கோய். எந்த நாரையும் ஒரே இரவில் எங்களுக்கு அவ்வளவு இழப்பைத் தந்ததில்லை.

அதன் பிறகு செய்தவை: பித்தளை இணைப்பு, இறுக்கும் வளையத்தோடு. இணைப்புகள் எல்லாம் குளத்திலிருந்து தள்ளி, கசிந்தால் கால்வாய்க்கு ஓடும் சரிவில். தெளிப்பின் முகம் குளத்துக்குள் அல்ல, கரையில் விலங்கு நிற்கும் இடத்தை நோக்கி. இரவு படுக்கும் முன் ஹோஸை ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பது. வீட்டில் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் மருந்து ஒரு பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

ஹோஸை வெயிலில் கிடக்க விடாதீர்கள். மத்தியானம் அதற்குள் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத அளவு சூடேறும். முதல் பீய்ச்சில் வருவது அந்த வெந்நீர்தான். பூனைமேலோ பேரப்பிள்ளைமேலோ அது படக் கூடாது.

தண்ணீர் பில் ஏறுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் குழாயில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தால், ஐந்து விநாடிப் பீய்ச்சுக்கு ஒரு லிட்டர். நாளுக்கு ஐம்பது முறை பீய்ச்சினாலும் 50 லிட்டர். அதற்கு மேல் போனால் இலைதான் அதை ஏமாற்றுகிறது, மேலே சொன்னதைப் பாருங்கள்.

தண்ணீர் நின்றுபோனால்?

கருவி வெறுமனே டக்டக் என்று சத்தம் போடும், அவ்வளவுதான். பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்ற 2024 ஜனவரி 10 முதல் பல பகுதிகளில் தண்ணீர் நின்றபோது, நான் குளத்தின்மேல் வலை கட்டித்தான் சமாளித்தேன். கூரைத் தொட்டியிலிருந்து இணைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ஐந்து மீட்டர் உயரத் தொட்டிக்கு அரை பார். தண்ணீர் வழியும், சீறாது. மழைநீர்த் தொட்டியோடு சிறிய அழுத்தப் பம்பு வைத்தால் சரியாக வரும். குளோரின் தொல்லையும் அதில் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால்?

கோபிக்கும்படி நாம் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாக்சிக் (பெரியவரை மலாயில் அப்படித்தான் அழைப்போம்) ஒருநாள் விடியற்காலைச் சுபுத் தொழுகைக்குப் புறப்பட்டவர், எங்கள் பின் வேலியைத் தாண்டும்போது முழுக்க நனைந்துவிட்டார். வேறு உடை மாற்றிக்கொண்டு அவர் பள்ளிவாசலுக்குப் போவதற்குள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அன்று மாலை நானும் என் கணவரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பெருந்தன்மையாகப் பேசினார். மறுநாளே கருவியைத் திருப்பி வைத்து, வில்லையின் அந்தப் பக்கத்தைக் கருப்பு டேப்பால் மறைத்தேன். சென்சார் சுவருக்கு அப்பால் பார்க்காது, ஆனால் கம்பி வேலிக்கு அப்பால் பார்க்கும். பேப்பர் போடுபவர், தபால்காரர், குப்பை எடுப்பவர் வழிகளையும் யோசித்து வையுங்கள்.

இவ்வளவு தண்ணீர் தெறித்தால் ஏடிஸ் கொசு வராதா?

குளத்தில் வராது, முட்டைப்புழுவை மீன் தின்றுவிடும். தெறிக்கும் தண்ணீர் பூந்தொட்டித் தட்டிலும் காலி டப்பாவிலும் தேங்கினால் வரும். ஒரு வாரத்தில் புழு கொசுவாகிவிடும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டில் புழு கண்டால் அபராதம் உண்டு. வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஸ்பிரிங்க்ளர் ஒன்றே போதுமா?

போதாது. அது காவல்காரன். காவல்காரன் அசந்த நேரத்தில் மீன் பிழைக்க வேண்டுமானால் குளம் சரியாக இருக்க வேண்டும்.

ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது, கோய்க்கு ஒன்றரை மீட்டர் நல்லது. கரை செங்குத்தாக இறங்க வேண்டும். அழகுக்காகப் படிப்படியாகச் சரிவு வைத்த குளங்கள் நாரைக்கு விரித்த பந்திப் பாய். தண்ணீர் மட்டம் விளிம்பைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கட்டும். அடியில் அகலமான சிமெண்டுக் குழாய் ஒன்றைப் படுக்க வையுங்கள். ஆபத்து வந்தால் மீன்கள் அதற்குள் ஓடிப் புகுந்துகொள்வதைப் பார்த்தால் உங்களுக்கே மனம் நிறையும். விளிம்பைச் சுற்றிக் கணுக்கால் உயரத்தில் ஒன்றும் முழங்கால் உயரத்தில் ஒன்றுமாகத் தூண்டில் நரம்பு கட்டினால், நடந்து வரும் நாரையின் காலில் தட்டும்.

வலை போடுவதாக இருந்தால் தடித்த நூலில், இழுத்துக் கட்டி, தண்ணீரைத் தொடாமல் போடுங்கள். மெல்லிய வலையைத் தளர விட்டால் பாம்பும் குருவியும் சிக்கிச் சாகும். பாம்பு உயிரோடு சிக்கியிருந்தால் கை வைக்காமல் 999-ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் அதற்குப் பழகியவர்கள்.

பிளாஸ்டிக் நாரைப் பொம்மையை வாங்காதீர்கள். இரண்டு நாளில் உண்மையான நாரை அதன் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

பொறி வைத்துப் பிடித்துவிட்டால் என்ன?

வேண்டாம். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நாரை, உடும்பு, நீர்நாய் போன்ற காட்டு விலங்குகளைக் காக்கிறது. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். தொல்லை தாங்கவில்லை என்றால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சேற்றுத்திட்டு குறையக் குறைய அந்த நாரை எங்கேதான் போகும்? எனக்கு என் மீன் வேண்டும், அந்தப் பறவைக்கும் தீங்கு வரக் கூடாது. நனைத்து அனுப்பும் இந்தக் கருவியை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

பராமரிப்பு அதிகமா?

மாதம் ஒருமுறை பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஈரத்திலும் கடல் காற்றிலும் முனைகள் பச்சை பிடிக்கும், எறும்பு கூடு கட்டும். நுழைவாயிலில் உள்ள சிறு சல்லடையைக் கழுவுங்கள். வில்லையை ஈரத்துணியால் துடையுங்கள், சிலந்தி வலை படிந்தாலே பார்வை குறையும். வாரம் ஒருமுறை விடியற்காலையில் நீங்களே நாரை நடப்பது போல மெதுவாக நடந்து சோதியுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம், அப்படியே ஓடவிட்டுப் போகலாமா?

கூடாது. ஆள் இல்லாத வீட்டில் குழாயைத் திறந்து வைத்துப் போகாதீர்கள், எங்கள் வியாழக்கிழமை இரவை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை முழுதாக மூடி, ஹோஸில் மிச்சமுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, வலையை இழுத்துக் கட்டுங்கள். காற்றுப் பம்பு ஓடட்டும். நல்ல நிலையில் உள்ள கோய் நான்கைந்து நாள் இரையில்லாமல் தாங்கும், அதனால் யாரையும் இரை போடச் சொல்ல வேண்டாம்; தெரியாதவர்கள் அள்ளிக் கொட்டித் தண்ணீரைக் கெடுத்துவிடுவார்கள். பம்பு ஓடுகிறதா, வலை தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் தினம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்பவர் அதே பாக்சிக்தான், சுபுத் தொழுகை முடிந்து வரும் வழியில்.